சாயத்தண்ணி

"மாப்ள, அந்தச் சாயத்தண்ணி ஒரு பாட்டில் எடு."

மச்சினன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தான்.

பட்டறையின் முன்னறை அலமாரியில் அந்தப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. என்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றினால் தேய்மானம் குறையும், நடுக்கம் நிற்கும், பழைய என்ஜின் புதுசாகும் என்று லேபிளில் போட்டிருக்கும். விற்பது மச்சினன். வாங்குகிறவன் காதுபடவே அதைச் சாயத்தண்ணி என்று திட்டுவது மெக்கானிக். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொட்டுக்கூட அவர் கையால் ஊற்றியதில்லை.

"என்ன மாமா, ஒடம்பு சரியில்லையா?"

"எடுன்னா எடு."

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பல் டாக்டரம்மாவுடையது. ஊரில் பாதிப் பேர் பல்லைப் பிடுங்கி வாங்கிய வண்டி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆயில் மாற்றத்தான் கொண்டுவந்தாள். நாலு நாளாக இங்கேயே கிடக்கிறது.

மெக்கானிக்குக்குப் பிழைப்பே வலது உள்ளங்கைதான். ஓடுகிற என்ஜின் மேல் அதை வைத்துக் கண்ணை மூடுவார். எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை, எந்த ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கைக்காகவே நாலு பட்டறையைத் தாண்டி இங்கே வந்தார்கள். அதெல்லாம் போன வருஷம் வரை.

இந்த வண்டியில் ஒரு நடுக்கம். ப்ளக் மாற்றினார். என்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். ஆயிலை இரண்டு தடவை மாற்றினார். கை வைத்தால் அதே நடுக்கம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே," என்றாள் டாக்டரம்மா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "ஓட்டும்போது வழுக்கிக்கிட்டுப் போகுது. பல்லு ஆடுதுன்னா சொல்லுங்க, அத நான் பாத்துச் சொல்றேன்."

"இப்பத் தெரியாதும்மா. நூத்தம்பதுல போகும்போது தெரியும். அப்புறம் வந்து சொல்றதுக்கு நீங்க இருக்கணும்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பாட்டிலோடு வந்த மச்சினன் அவர் காதருகே குனிந்தான். "இப்படிப் பேசித்தான மாமா டாக்சிக்காரரு போனாரு. அதுக்கு முன்னாடி பால் வேன். அப்புறம் அந்த வாத்தியார். எல்லா வண்டியுமா நடுங்கும்?"

"ரப்பரெல்லாம் டூப்ளிகேட்டா வருது. பெட்ரோல்ல எவன் எதக் கலக்குறானோ. நீ யார நம்புற?"

"அவங்கல்லாம் வேற பட்டறையில காட்டியிருக்காங்க. வண்டியில ஒண்ணுமே இல்லையாம். இல்லாத வியாதியச் சொல்லிக் கறக்குறோம்னு பேசுறாங்க. இவங்களும் போயிட்டா ஷட்டர எறக்க வேண்டியதுதான். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

மெக்கானிக் பாட்டிலை வாங்கிக்கொண்டார். நாலு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறை போனால் போகட்டும், எங்காவது பஞ்சர் ஒட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு எந்தத் தெருவில் நடப்பது?

பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "கருமம்."

புனலை வைத்து ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஸ்பானரோ புனலோ பிடித்துவிட்டால் அந்தக் கை இன்றும் இரும்புதான்.

டாக்டரம்மா வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஷெட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது. மெக்கானிக் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார். கை பேசும்போது காது குறுக்கே பேசக்கூடாது என்பது அவர் கணக்கு. ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று கால் மணி நேரம் அப்படியே ஓடவிட்டார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கையை உடனே வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

நான் பொய்யனாகவே இருந்துட்டுப் போறேன், இத்தனை வருஷம் திட்டினது தப்புதான், இந்த ஒரு தடவை நிப்பாட்டிக் காட்டு என்று மனதுக்குள் கெஞ்சினார். சாயத்தண்ணியிடம்தான்.

உள்ளங்கையை என்ஜின் மூடிமேல் மெல்லப் பதித்தார்.

நடுக்கம் இருந்தது. பொடிசாக, விடாமல். முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

"நிக்கலம்மா," என்று கத்தினார். காதை அடைத்திருந்ததால் அவர் குரல் அவருக்கே எங்கோ கேட்டது. "இன்னொரு பாட்டில் ஊத்திப் பாக்கட்டுமா? இல்லன்னா மொத்தமாப் பிரிச்சுப் பாத்துடறேன். நீங்க ஒண்ணும் தர வேணாம். ஆனா இத வெளிய விடமாட்டேன். நீங்க என்ன வேணா நெனச்சுக்குங்க."

யாரும் எதுவும் சொன்ன மாதிரி இல்லை.

"மாப்ள, நீ வா. நீ கை வச்சுப் பாரு. நான் பொய் சொல்றேனான்னு நீயே இவங்ககிட்டச் சொல்லு."

மச்சினன் வரவில்லை. யாரோ அவர் காதுக் கவசத்தை மெதுவாகக் கழற்றினார்கள். கண்ணைத் திறந்தார். பக்கத்தில் டாக்டரம்மா நின்றாள். அவரை முறைக்கவில்லை. கோபத்தோடு பேச வந்தவள் அதை மறந்துபோனது போல, அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பொய் சொல்றீங்களான்னு பாக்கத்தாண்ணே, நீங்க கண்ண மூடுனதுமே வண்டிய நிறுத்திட்டேன்," என்றாள்.

ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் உள்ளங்கைக்கு அடியில் என்ஜின் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.