நற்பண்பு வாரம்

கழுவிக் கவிழ்த்த தட்டை நிமிர்த்தி, அவள் அதில் சாம்பாரைப் பூசிக்கொண்டிருந்தாள்.

ஒரு கரண்டி போதும் என்று நினைத்தாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம். அழுக்கே தெரியலையே."

இன்னொரு கரண்டி ஊற்றினாள். ராத்திரி தோசைக்கு என்று எடுத்துவைத்த சாம்பார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து, எல்லாவற்றையும் தேய்த்து, மேடையைத் துடைத்து, சற்றே கட்டையைச் சாய்க்கலாம் என்று அவள் கையை உதறிய நேரத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. மகனின் பள்ளிக்கூடத்தில் நற்பண்பு வாரம். வீட்டு வேலையில் எல்லோரும் பங்கெடுப்பதை வீடியோ எடுத்து இன்றைக்குள் அனுப்ப வேண்டும். சிறந்த ஒன்றை ஆண்டு விழாவில் திரையில் போடுவார்கள்.

பெற்றோர் குழுவில் தினமும் காலையில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர் அவர். குழந்தைகள் காதால் வளர்வதில்லை, கண்ணால் வளர்கிறார்கள் என்று நேற்று எழுதியிருந்தார். குழுவே கைகூப்பியிருந்தது.

அதை எழுதியபோது காபி ஆறிவிட்டது என்று சூடு பண்ணக் கொடுத்திருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை. அதன் மேல், கீழ்வீட்டிலிருந்து வாங்கி வந்த பூப்போட்ட ஏப்ரன்.

"நாரு எங்க இருக்கு?"

குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

போனை அவள் பிடித்தாள். ஆறு வயது நிகிலன் ஈரம் துடைக்கிற துணியோடு ஸ்டூலில் ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

அவர் தட்டைத் தேய்த்தார். முழங்கை வரை நுரை. முகம் மட்டும் போன் பக்கம்.

"இது அம்மாவுக்கு நாம பண்ற உதவி இல்ல. நம்ம வேலை. இல்லையா நிகிலன்?"

"இப்ப நான் துடைக்கணுமாப்பா?"

"ஐயோ, அதெல்லாம் கேக்கக் கூடாதுடா. மறுபடி எடுக்கலாம்."

தட்டு சுத்தமாகிவிட்டிருந்தது. அவள் மறுபடியும் சாம்பார் ஊற்றினாள்.

அடுத்த தடவை தட்டு வழுக்கி விழுந்தது. அதற்கடுத்த தடவை தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி குறுக்கே புகுந்தது. அது தெருமுனை திரும்பும் வரை அவர் நுரைக்கையைத் தூக்கியபடி நின்றார்.

சாம்பார் தீர்ந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. நீ ரெஸ்ட் எடுக்கற மாதிரி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

சோபாவில் உட்காரச் சொன்னார். காலை நீட்டச் சொன்னார். இப்போது போன் அவர் கையில். சத்தம் வருகிறதென்று மின்விசிறியை நிறுத்தினார். முதுகு சாய்ந்ததும் அவளுக்குக் கண் தானாகச் சொருகியது.

"கண்ண மூடாத. ரொம்ப அசந்த மாதிரி தெரியுது."

திறந்தாள்.

நிகிலன் சமையலறை வாசலிலிருந்து டம்ளரோடு வர வேண்டும். இந்தாங்கம்மா, காபி, என்று சொல்ல வேண்டும். மற்ற நாளில் அம்மாவை வாடி, போடி என்று கொஞ்சுகிறவன். நிமிர்ந்து நடந்து வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

"இதுல காபியே இல்லையேப்பா."

"உள்ள இருக்கறதெல்லாம் யாருக்குடா தெரியப்போவுது? அம்மா சிரிச்சாப் போதும்."

அவள் பக்கம் திரும்பினார்.

"சிரி."

சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

சாம்பாருக்குச் சொன்ன அதே குரல்.

முடிந்தது. ஏப்ரன் நாற்காலியில் விழுந்தது. துணி ஸ்டூலில் விழுந்தது. தொட்டி நிறைய நுரை, அதில் தட்டும் சாம்பார்ப் பாத்திரமும் அப்படியே கிடந்தன.

அவள் போய்த் தேய்த்தாள். இந்த முறை ஒரே தடவையில் சரியாக வந்தது.

படுக்கையறைக்கு வந்து கட்டிலில் விழுந்தாள். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்த பிறகுதான், தண்ணீர் எடுத்து வரவில்லை என்று உறைத்தது. எழுந்திருக்க உடம்பு கேட்கவில்லை.

கூடத்தில் வீடியோவுக்கு வீணை இசை சேர்த்து அனுப்பியாகிவிட்டது. டிங், டிங் என்று பாராட்டு வந்துகொண்டிருந்தது. அவர் யாருக்கோ பதில் பேசி அனுப்பினார்.

"இதுல என்ன சார் இருக்கு? எங்க வீட்ல எப்பவும் நடக்கறதுதான்."

"ஏங்க..."

டிங்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி."

"நிகிலா, அம்மாவுக்கு என்னன்னு பாருடா," என்றது கூடம்.

மகன் வந்து எட்டிப் பார்த்தான். அவள் மாத்திரையைக் காட்டினாள்.

"தண்ணி கொண்டாடா கண்ணா."

ஓடினான்.

அவள் காத்திருந்தாள். உள்ளங்கை வியர்த்து மாத்திரை கரையத் தொடங்கியது.

திரும்பி வந்தவன் வாசலில் ஒரு கணம் நின்றான். முதுகை நிமிர்த்திக்கொண்டான். ஒவ்வோர் அடியாக நடந்து வந்து, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினான்.

"இந்தாங்கம்மா."

வாங்கும்போதே கை ஏமாந்தது. கனமே இல்லை.

உள்ளே பார்த்தாள். அவள் தேய்த்த எவர்சில்வர் அடியில் பளபளத்தது.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை.

டம்ளரை அவன் பக்கமே நீட்டினாள். நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை.

இப்படி ஒன்று வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

பிறகு, கூடத்தைத் திரும்பிப் பார்த்தான்.