மகள் பெயரில் வந்த பத்திரிகை

மகளின் பெயரிலேயே வந்துவிட்டான் திருடன்.

சந்தேகம் சார் தன் கணினித் திரையை அலுவலகத்துக்கே திருப்பிக் காட்டினார். மகளின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல். உள்ளே ஒரு வரிகூட இல்லை. வாலில் ஓர் இணைப்பு மட்டும் தொங்கியது. கல்யாணப் பத்திரிகையாம்.

அங்குள்ள கணினிகளைக் கட்டிக் காப்பவர் அவர். சந்தேகம் சார் என்பது ஊழியர்கள் சூட்டிய பட்டம். முதலாளியே கோப்பு அனுப்பினாலும் நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் திறப்பார். அவர் இருக்கும் மாடிக்கு ஏற வைரஸ்களுக்கே கால் நடுங்கும் என்று பேச்சு.

வீட்டிலும் அதே காவல்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருமுறை தனக்குப் பிடித்தவனை அழைத்து வந்தாள். இவர் குடைந்த குடைச்சலில் பையன் தன் பெயரையே மறந்து திரும்பிப் போனான். பின்னாலேயே மகளும் போனாள். அவளுக்குத் துணையென்று போன அம்மா இன்னும் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாம என் பொண்ணுக்குக் கல்யாணமா? கதை விடுறான். அதுவும் கத்துக்குட்டி. உடனே திற, இல்லேன்னா போச்சுன்னு ஒரு மிரட்டலாவது வேணாமா? திறந்து பாருன்னுகூட எழுதல."

எல்லோர் கண் முன்னாலும் அதை அழித்தார். ஒரு பேரரசையே காப்பாற்றிய களிப்பில் நாற்காலியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

மகளை எச்சரிக்க ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. அவள் எடுக்காதது புதிதில்லை என்பதால் தினமும் முயன்றார். மறுவாரம்தான் எடுத்தாள்.

"உன் மெயிலுக்குள்ள எவனோ புகுந்துட்டாம்மா. முதல்ல பாஸ்வேர்டை மாத்து. எனக்கே கல்யாணப் பத்திரிகை அனுப்புறான்."

"யாரும் புகலப்பா. நான்தான் அனுப்பினேன். கல்யாணம் நேத்து முடிஞ்சிடுச்சு."

எத்தனையோ கணினிகள் உறைந்து நின்றதைப் பார்த்தவர், இப்போது தானே ஒன்றாகி உறைந்து நின்றார்.

"அப்பாவுக்குப் பத்திரிகை அனுப்பாம கல்யாணம் கிடையாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க" என்றாள் மகள். "அதான் அனுப்பினேன்."

"அட்டாச்மென்ட்டா அனுப்பினா நான் திறக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ப்பா."