எனக்கு முன்னால் நின்றவர்

எஸ்கலேட்டரின் வாயில் நின்றுகொண்டு, ஏறவும் மாட்டேன், விலகவும் மாட்டேன் என்று அடம்பிடித்தார் அந்த அம்மா.

அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஊரே நின்றது.

பெரிய ஸ்டேஷன் என்று பேர்தான். நாட்டின் பாதி வண்டிகள் இங்கே வந்துதான் திசை மாறுகின்றன. ஆனால் மேம்பாலத்துக்குப் போகும் படிக்கட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் மராமத்து பார்க்கிறார்கள். லிஃப்ட் முன்னால் சக்கர நாற்காலிகளும் பார்சல் வண்டிகளும் வரிசைகட்டி நின்றன. மிச்சம் இந்த ஒரே எஸ்கலேட்டர்தான். அதிலும் ஒரு ஆள் நிற்கிற அகலம்.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கிய மழைக்கோட்டு, தோளில் கனத்த பை. வலது காலைத் தூக்குவார். தரையிலிருந்து ஒரு படி முளைத்து மேலே போகும். காலை இழுத்துக்கொள்வார். அடுத்த படி முளைக்கும். மறுபடி தூக்குவார்.

என் வண்டி மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

மதியத்துக்குள் நான் ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்க வேண்டும். என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். அப்பாவுக்கு எதிரே அம்மா வாயே திறப்பதில்லை. வீட்டிலிருந்து போகிறவன் நான் ஒருவன்தான். நானும் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்று அப்பாவிடம் புளுகிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அண்ணன் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அங்கே அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா வந்துடுங்க. நாங்க போயிடறோம்" என்றேன்.

"ஓரமா வந்தா அப்புறம் நான் ஏறவே மாட்டேன்" என்றார், திரும்பாமலே.

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு வண்டி பிடிக்க முடியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ கண்ண மூடிட்டுக் கால வெச்சிடுங்க."

"கண்ண மூடிட்டுப் போற பழக்கம் எனக்குக் கெடையாது தம்பி."

பின்னாலிருந்து யாரோ, "பேசாம அலேக்காத் தூக்கி உள்ள வைங்கப்பா" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் கைப்பிடியின் மேலிருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பையக் குடுங்கக்கா. நான் பின்னாலயே வர்றேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க" என்றேன்.

கொடுத்தார். அந்தப் பை என் தோளைப் பிய்த்தது. உள்ளே இரும்புச் சாமான் ஏதோ கடகடத்தது.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒரு படியைப் பார்த்தார், போக விட்டார். இன்னொன்றையும் போக விட்டார். அடுத்ததில் காலை வைத்தார்.

மேலே போய்ச் சேரும்வரை அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. உச்சியில், கடைசிப் படி தரைக்குள் போவதற்கு முன்பே, சின்னப் பிள்ளை மாதிரி எட்டிக் குதித்தார். முகமெல்லாம் வேர்வை. பையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"நீங்க ஓடுங்க தம்பி. வண்டி கெடைக்கும்."

அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார். விழுந்தடித்து ஓடினேன்.

வண்டி இருந்தது. முதல் பெட்டியில் தொற்றி ஏறி, ஒரு பெரியவருக்கு எதிரே போய் விழுந்தேன். கிளம்பும் நேரம் வந்தது. நேரம் தாண்டியும் போனது. வண்டி இம்மியும் அசையவில்லை. சற்று முன்புவரை நிற்க வேண்டுமே என்று தவித்த நான், இப்போது ஏன் நிற்கிறது என்று முள்மேல் உட்கார்ந்திருந்தேன். தங்கையிடமிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

"இங்க டிரைவர் மாறணுமாம். புது ஆள் இன்னும் வந்து சேரலையாம்" என்றார் பெரியவர்.

"எவன் அவன்? ஒரு பொறுப்பு வேணாம்?"

நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எழுந்து போய்க் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். பெரியவரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

பிளாட்பாரத்தில் ஓட்டமும் நடையுமாக ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். இன்ஜின் அருகே நின்று மழைக்கோட்டைக் கழற்றி உதறினார். உள்ளே நீலச் சீருடை. தோள் பையைச் சரிசெய்துகொண்டு, செங்குத்தாக நின்ற இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறி உள்ளே போனார்.

எஸ்கலேட்டரில் எனக்கு முன்னால் நின்ற அதே அம்மா.

பெரியவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "இந்தம்மாவா ஓட்டப் போறாங்க? தைரியமான ஆளாத் தெரியுதா தம்பி?"

"தைரியமெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க" என்றேன். "ஆனா கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க."

வண்டி நகர்ந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். குரல் நடுங்கத்தான் செய்தது. எங்கே போகிறேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.