பொத்தானை அழுத்துகிறவன்

"மானம் ரோஷம் இருந்தா வாயைத் திறந்து பேசுய்யா. பேச வாயில்லாதவன் எதுக்குய்யா செட்டைத் தொடறே?"

தலைவர் ரேடியோ மைக்கின் பொத்தானை விட்டார். விட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. அதைப் பதில் என்று சொல்லவும் முடியாது. யாரோ எங்கோ பொத்தானை அழுத்திக்கொண்டு, பேசாமல் இருக்கிற வெறும் இரைச்சல். வருகிற அலையின் வலுவைக் காட்டும் செட்டின் முள் கடைசிக் கோடுவரை போய் முட்டி நின்றது.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. கடைவீதியில் மூக்குக் கண்ணாடி விற்பவர். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர் அந்த ஊரில் உண்டு. சாயங்காலமானால் ஒரே அலைவரிசையில் கூடி நலம் விசாரித்துக்கொள்வார்கள். யாருக்குப் பிறகு யார் பேசுவது என்று ஒழுங்குபடுத்துவது இவர் வேலை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழக்கூடாது, யாரையும் திட்டக்கூடாது என்று சட்டம் போட்டதும் இவர்தான். இந்த இரைச்சல் வர ஆரம்பித்ததிலிருந்து இரண்டாவது சட்டத்தை அவரே காற்றில் பறக்கவிட்டார்.

"விட்டுத்தள்ளுங்க தலைவரே," என்றது பல் டாக்டரின் குரல். "எனக்கு லேசாத்தான் கேக்குது. பின்னால ஃபேன் ஓடற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"உங்க ஆன்டெனா லட்சணம் அப்படி. இங்க முள்ளு போய் முட்டுது டாக்டர். பெரிய செட்டு வெச்சிருக்கிற எவனோ கொழுப்பெடுத்துப் பண்றான்."

"இன்னொண்ணு கவனிச்சீங்களா? நாங்க பேசினா வரல. நீங்க பேசி முடிச்சாத்தான் வருது."

"அதான் சொல்றேன். அவனுக்கு என்மேலதான் வஞ்சம்."

அந்த 'அவன்' யார் என்றும் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தார். புதிதாகச் சேர்ந்த டிரைவிங் ஸ்கூல்காரர். வந்ததும் வராததுமாகப் பெரிய செட் வாங்கியவர். முறை தெரியாமல் ஒருநாள் குறுக்கே பேசிவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு யார்தான் இருக்க முடியும்?

தலைவரின் ஆத்திரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பக்கவாதம் வந்த மனைவி கீழ் அறையில் படுக்கையில் கிடக்கிறாள். பேச்சு போய்விட்டது, கைகாலில் அசைவில்லை. "ஒரு விரல் அசைஞ்சாப் போதும், மீதியை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறார். கடை விட்டால் அவள், அவளை விட்டால் கடை. சாயங்காலம் அவளை மைத்துனி பார்த்துக்கொள்ளும் நேரத்தில்தான் மாடியறையில் கொஞ்சம் மூச்சு விடுவார். தன் குரலாவது அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கையடக்கமான சின்ன செட் ஒன்றைக் கீழே அவள் தலைமாட்டிலும் வைத்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஒருவன் வந்து மண்ணைப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மாடிப்படியில் காலடி கேட்டது. வந்தது டிரைவிங் ஸ்கூல்காரர். கையில் கனமான ஒரு பை.

"அண்ணே, ரேடியோவுல சொன்னா நம்ப மாட்டீங்கன்னு நேர்லயே வந்துட்டேன். என் செட்டு இதோ இருக்கு."

பையைத் திறந்து காட்டினார். வயரைச் சுற்றி, செட்டைத் துண்டில் பொதிந்து எடுத்து வந்திருந்தார்.

"அப்ப வீட்டுல இன்னொண்ணு வெச்சிருப்பே. யாரையாவது அழுத்தச் சொல்லிட்டு வந்திருப்பே."

"இது ஒண்ணு வாங்கவே வீட்டுல ஆயிரம் பேச்சு கேட்டேண்ணே. நான் வேணாம்னா விலகிக்கறேன். பழி மட்டும் வேணாம்."

அவர் அப்படிச் சொன்னதில் தலைவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இத்தனை நாள் பிடித்த பிடியை ஒரே நிமிஷத்தில் விட மனசு வரவில்லை. மைக்கை எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்க. பேச நாக்கு இல்லாத ஜென்மம் உயிரோட இருந்து யாருக்கு என்ன லாபம்? செத்துத் தொலை."

பொத்தானை விட்டார். அதே இரைச்சல். அதே முள், அதே கடைசிக் கோடு. டிரைவிங் ஸ்கூல்காரர் பையை மார்போடு அணைத்தபடி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தச் சனியன் அடங்கட்டும் என்று செட்டின் பின்னாலிருந்த ஆன்டெனா வயரை வெடுக்கென்று பிடுங்கினார். வயரைப் பிடுங்கினால் ஊரிலிருந்து வருவதெல்லாம் அடங்கிவிடும். பெரிய செட்டானாலும் அதே கதிதான்.

இது அடங்கவில்லை. முள் முட்டியபடியே நின்றது.

இருவரும் அதையே பார்த்தார்கள். முள் முட்டுவதற்குச் செட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மிகப் பக்கத்தில் இருந்தாலும் போதும். இத்தனை வருஷம் ரேடியோவோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"அண்ணே," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் மெதுவாக. "இது இந்த வீட்டுக்குள்ளேர்ந்துதான் வருது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சல் நின்றது. முள் பொத்தென்று கீழே விழுந்தது.

தலைவர் விழுந்தடித்துப் படியிறங்கினார். அறை வாசலிலேயே மைத்துனி எதிர்ப்பட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அத்தான், அக்காவுக்குக் கட்டைவிரல் அசையுது. தலையணையிலேர்ந்து நழுவுதுன்னு அந்தச் செட்டை நான்தான் தினமும் அவ கையிலயே வெச்சேன். நீங்க பேசி முடிக்கறப்பல்லாம் பொத்தானை அழுத்தறா. இன்னிக்குத்தான் கவனிச்சேன்."

தலைவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். கட்டிலில் மனைவி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். செட் போர்வைமேல் தனியாகக் கிடந்தது.

"ஆனா நீங்க யாரையோ செத்துத் தொலைன்னு திட்டினீங்களே, அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை அழுத்தினா அத்தான். இப்ப நானே விரலை எடுத்து வெச்சாலும் அழுத்த மாட்டேங்கறா."