இரண்டேகால் அடி மேடை

கட்டடக்கலை முதலாண்டு வகுப்பின் நீள மேசைகளில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தரையெங்கும் அட்டைச் சீவல்கள், காற்றில் பசை வாடை. தெரிந்த ஒருவருக்குச் சமையலறை அமைத்து வரச் சொன்ன பேராசிரியர், மாணவி ஒருத்தி செய்த அட்டை மாதிரியைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கிறார். "மேடை ஏம்மா இவ்வளவு தாழ்வா இருக்கு? அளவுப் புத்தகத்தைத் தொட்டே பார்க்கலையா?" "எங்கம்மாவால நிக்க முடியாது சார். நாற்காலியில உட்கார்ந்துதான் சமைச்சாங்க." "அப்ப அம்மாவையே கூட்டிட்டு வா, அளந்து பார்த்துடுவோம்." வகுப்பே சிரிக்கிறது. அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு மேசை விளிம்பில் அம்மாவின் முழங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பான இடத்தைத் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து வந்திருக்கிறாள். சரியாக இரண்டேகால் அடி. எந்தப் புத்தகத்தில் தேட வேண்டும் அதை? தெரிந்த ஒருவருக்கு என்று சொன்னவரும் இவர்தானே. அவர் கட்டைவிரல் நகத்தை நுழைத்து நெம்புகிறார். மேடை டக்கென்று பெயர்ந்து மேசையில் விழுகிறது. "ஏத்தி ஒட்டு. இல்லைன்னா முட்டைதான்." பக்கத்து மேசைக்காரி குனிந்து முணுமுணுக்கிறாள்: "ஒட்டித் தொலைடி, மார்க் போயிடும்." இவள் பசைக் குப்பியைத் திறக்கிறாள். மாதிரியின் சுவரில் பழைய பசைத் தடம் இன்னும் தெரிகிறது. அவர் பார்க்கப் பார்க்க, மேடையை அதே தடத்தில் வைத்து அழுத்துகிறாள். சிரிப்பு அடங்குகிறது. "அடுத்த ஆள் வரணும், நகரும்மா." "பசை காயணும் சார்" என்கிறாள், விரலை எடுக்காமல்.