வரிசையில் ஓர் இடம்

"தள்ளினேன், அவ்வளவுதான். அடிக்கக்கூட இல்ல."

கூண்டில் நின்று கீரன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிற இளைஞன். இதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொரித்த மீனும் சிப்ஸும் விற்கிற கடை வாசலில் நீளமான வரிசை. வில்ஃப் ஹார்க்கர் என்ற பெரியவர் எங்கிருந்தோ வந்து கீரனுக்கு முன்னால் நின்றார். எங்கள் ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள், வரிசையில் குறுக்கே நுழைந்தால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். ஆளாளுக்கு 'உச்' கொட்டினார்கள்.

கீரன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். நடைபாதை விளிம்பில் தலை மோதியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் பெரியவர் போய்விட்டார்.

"தள்ளுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார் வக்கீல்.

"கேட்டேன். 'நான் முன்னாடியே நின்னவன்பா'ன்னாரு. குறுக்க நுழையறவங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

ஜூரிகளில் இரண்டு பேர் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள்.

பார்வையாளர் வரிசையிலிருந்து வில்ஃபின் மனைவி டோரின் எழுந்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் ஜென்மத்துல குறுக்க நுழைஞ்சதில்லைங்க!" நீதிபதி அவளைப் பொறுமையாக உட்காரச் சொன்னார்.

அடுத்த சாட்சி பவுலின். நூலகத்தில் வேலை பார்ப்பவள். அன்று வில்ஃபுக்கு நேர் முன்னால் நின்றவள்.

"நான் விலைப்பலகையப் பாத்துட்டு இருந்தேன். பின்னால சத்தம் கேட்டுத் திரும்பினா, அவர் கீழ கிடக்குறாரு. ஒரு வயசானவரை இப்படித் தள்ள எப்படித்தான் மனசு வந்துச்சோ." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோர்ட்டே அவளுக்காக உருகியது.

கொல்ல நினைத்தானா என்பதே கேள்வி இல்லை என்று நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கினார். ஒருவரைத் தள்ளுவது சட்டப்படி குற்றம். தள்ளினால் கொஞ்சமாவது அடிபடும் என்று நிதானமாக யோசிக்கிற யாருக்கும் தெரியும். அதனால் உயிரே போய்விட்டால் அது மேன்ஸ்லாட்டர், அதாவது கொல்லும் எண்ணமில்லாமல் உயிரைப் பறித்த குற்றம்.

ஜூரி 'குற்றவாளி' என்றது. கீரனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு தள்ளுக்கு ஜெயிலா என்று அவன் மலைத்துப்போய் நின்றான்.

நீதிபதி மூன்று வருஷம் போட்டார். பெரியவர் வரிசையை மீறி நுழைந்ததால் வந்த ஆத்திரம் என்பதால் தண்டனையைக் குறைத்ததாகவும் சொன்னார். டோரினுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இடியாக இறங்கியது.

கோர்ட் கேண்டீனில் டீ வாங்க வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒருத்திதான் அவருக்காக அழுதே. அந்தப் பையன் ஜெயிலுக்குப் போனதுல எனக்கு என்ன ஆகப்போகுது? வரிசைய மீறின ஆளுன்னு அவர் பேர் கெட்டுப்போச்சே. இடுப்பு வலின்னா யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போய் உக்காந்து வருவாரு. அன்னைக்கும் சொல்லாமப் போயிருக்க மாட்டாரு. நீ கவனிச்சியா?"

"இல்லைங்க," என்றாள் பவுலின். "நான் பலகையப் பாத்துட்டு இருந்தேன்."

டோரின் அவள் கையை விட்டாள். ஓரத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"கண்ணு, என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்க. உக்காந்துட்டு வந்துர்றேன்."

பவுலின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

அன்று கடைச் சுவரோரம் உட்காரப் போகுமுன் வில்ஃப் அவளிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அவள் சரியென்று தலையாட்டியிருந்தாள். அவர் திரும்பி வந்து, எல்லோரும் 'உச்' கொட்டியபோதுதான், விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்தாள்.