முதல் ஆள்

மனிதர்களை அனுப்புவதற்கு முன்னால் விண்கலத்தின் இருக்கையில் ஒரு பொம்மையை உட்காரவைத்தார்கள்.

"எனக்கு முன்னாடி யாராவது போயிருக்காங்களா?" என்று பொம்மை கேட்டது.

"அந்தக் காலத்துல நாய் போச்சு, குரங்கு போச்சு" என்றது இருக்கை.

"திரும்பி வந்துச்சா?"

"சிலது வந்துச்சு. நீ பெல்ட்டை நல்லாப் போட்டுக்கோ."

கலம் பூமியைச் சுற்றிவிட்டுக் கடலில் இறங்கியது. பொம்மைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்தவர்கள் கைதட்டினார்கள். வணக்கம் சொல்லலாம் என்று பொம்மை நினைப்பதற்குள், அதன் நெஞ்சிலிருந்த பதிவுக் கருவியைக் கழற்றிக்கொண்டு, பொம்மையைப் பெட்டியில் போட்டு மூடினார்கள்.

மறுமாதம் விமானி தணிகைவேல் வந்தார்.

"இந்தக் கலத்தில் போகிற முதல் ஆள் நான்தான்" என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டு, அதே இருக்கையில் உட்கார்ந்தார்.

பெல்ட் மாட்டவந்த பொறியாளரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே?"